வயிற்றில் ஒரு 'வளர்ச்சி'

வளர்ச்சி என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் நல்ல பொருள்தான் உண்டு. பிள்ளை வளர்ந்தான், பயிர் வளர்ந்தது, ஊர் வளர்ந்தது என்றால் மகிழ்ச்சி. அதே சொல்லை ஒரு டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே, "வயித்துல ஒரு வளர்ச்சி மாதிரி தெரியுது" என்று சொன்னால் வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. எழுபதைத் தாண்டிய நம் போன்றவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. நமக்குச் சொல்லப்படாவிட்டாலும், நம்மோடு வேலை பார்த்தவருக்கோ சம்பந்தி வீட்டிலோ யாருக்காவது சொல்லப்பட்டிருக்கும்.

இன்று இரைப்பைப் புற்றுநோயைப் பற்றி எழுதுகிறேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, ஆராய்ச்சிக்கூடங்களில் கண்ட ஒரு விந்தை: 'வளர்' என்று சொல்வதற்காகப் பெயர் வாங்கிய ஒரு பொருளே, புற்று செல்லைப் பார்த்து 'செத்துப் போ' என்றும் சொல்கிறது. இரண்டாவது, அந்த விந்தை எதுவரை செல்லும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளாவிட்டால் நம் ஊரில் உயிர்ச்சேதம் ஆகும். நான் டாக்டர் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்பு படித்தவன். ஓய்வுக்குப் பிறகு இந்த விஷயத்தையும் ஒரு கோப்பைப் படிப்பது போல முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அப்படிப் படிக்க வைத்த காரணம் வீட்டிலேயே இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெவே வரை பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் 'ஃபாக்தேர்' என்று ஒரு சொல். அதற்கு இரண்டு பொருள். ஒன்று காரணி. இன்னொன்று தபால்காரர். ஆக, வளர்ச்சிக் காரணி என்று தமிழில் எழுதுவதை 'ஃபாக்தேர் த க்ருவாசான்ஸ்' என்று பிரெஞ்சில் படித்தால், என் காதில் 'வளர்ச்சியின் தபால்காரர்' என்றுதான் விழுகிறது. விஞ்ஞானிகள் அந்தப் பொருளில் வைக்கவில்லை. ஆனால் விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் தன்னிஷ்டத்துக்குப் பெருகுவதில்லை. 'இப்போது இரண்டாகப் பிரி', 'இப்போது சும்மா இரு' என்று வெளியிலிருந்து தகவல் வர வேண்டும். அந்தத் தகவலைச் சுமந்து வரும் சிறு புரதங்கள்தான் வளர்ச்சிக் காரணிகள். இவற்றைக் கண்டுபிடித்ததற்காக ரீட்டா லெவி மொண்டால்சினி என்ற இத்தாலிய அம்மையாருக்கும் அமெரிக்கர் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த அம்மையார் யூதர் என்பதால் முசோலினி காலத்தில் பல்கலைக்கழகத்தில் வேலை செய்ய முடியாமல், வீட்டுப் படுக்கையறையில் கோழி முட்டைக் கருவை வைத்து ஆராய்ச்சி செய்தவர்.

தபால் வந்தால் போதாது, வாங்கிக்கொள்ள வீட்டில் பெட்டி வேண்டும். செல்லின் மேல்தோலில் அப்படிப் பெட்டிகள் இருக்கின்றன, ஏற்பிகள் என்கிறார்கள். ஒவ்வொரு காரணிக்கும் அதற்கென்று தனி ஏற்பி. பெட்டியில் தபால் விழுந்ததும் உள்ளே ஆளிடமிருந்து ஆளுக்குச் சேதி போய், கடைசியில் செல்லின் நடுவில் மரபணுக்கள் இருக்கும் கருவை எட்டுகிறது. நம் பழைய அலுவலகத்தில் தபால் பிரிவிலிருந்து எழுத்தர், கண்காணிப்பாளர் என்று கோப்பு ஏறுமே, அப்படித்தான்.

இந்தத் தபால்காரர்களில் ஒருவரின் பெயர் டி.ஜி.எஃப்-பீட்டா. உருமாற்றும் வளர்ச்சிக் காரணி என்று தமிழில் சொல்லலாம். 1980 வாக்கில் பெயர் வைத்தபோது, நல்ல செல்களைக்கூட இது புற்று செல்களைப் போல நடக்க வைக்கிறது என்று கண்டதால் அந்தப் பெயர். ஆனால் சில ஆண்டுகளிலேயே வேடிக்கை தெரிந்தது. உடம்பின் உள்தோல்களில், அதாவது இரைப்பை, குடல் போன்றவற்றின் உட்பூச்சில் இருக்கும் செல்களுக்கு இதே காரணி 'வளராதே, நிறுத்து' என்றது. 1992இல் ஜப்பானில் யானகிஹாராவும் த்சுமுராயாவும், மனித இரைப்பைப் புற்றிலிருந்து எடுத்து வளர்த்த செல்களின் மேல் இதை விட்டுப் பார்த்தார்கள். செல்கள் நின்றது மட்டுமல்ல, தாங்களாகவே செத்தன. வெடித்துச் சிதறாமல், சுருங்கி, துண்டு துண்டாகி, ஒழுங்காகச் செத்தன.

இந்த ஒழுங்கான சாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது: அபாப்டோசிஸ். 1972இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் கெர், வைலி, கரீ என்ற மூவரும் தங்கள் கட்டுரையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அங்கே கிரேக்கம் கற்பித்த ஜேம்ஸ் கார்மாக் என்ற பேராசிரியர். கிரேக்கத்தில் அதற்கு இலை உதிர்தல் என்று பொருள். பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் எந்த மருத்துவச் சொல் வந்தாலும் கிரேக்க வேரைப் பிடுங்கிக் காட்டிவிட்டுத்தான் மேலே போவார். அவர் இருந்திருந்தால் இந்தச் சொல்லுக்கு ஒரு பீரியட் முழுவதும் எடுத்திருப்பார்.

கிள்ளைக்காரர்களுக்கு இதை விளக்கக் கிரேக்கம் வேண்டாம். பிச்சாவரம் போதும். சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போனால், கிளையில் பச்சை இலைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு மஞ்சளாகத் தெரியும். மரம் அந்த இலையிலிருந்து எடுக்க வேண்டிய சத்தை எடுத்துக்கொண்டு, காம்பில் வெட்டு விழவைத்து உதிர்த்துவிடும். விழுந்த இலையை நண்டு தின்னும், இறால் தின்னும். மரத்துக்கு ஒரு காயமும் இல்லை. அதே காட்டில் 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் வந்தபோதும் இலைகள் விழுந்தன. கிளை முறிந்து, பட்டை கிழிந்து, மரத்தோடு சேர்ந்து விழுந்தன. நம் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் பட்ட பாட்டை மறக்க முடியாது. முதல் வகை அபாப்டோசிஸ். அடிபட்டோ, ரத்த ஓட்டம் நின்றோ செல் சாவது இரண்டாவது வகை. அது பக்கத்துச் செல்களையும் புண்ணாக்கிவிட்டுப் போகும்.

நம் இரைப்பையின் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக மாறிக்கொண்டே இருக்கிறது. அமிலத்தில் முக்கி எடுத்தாற்போல் இருக்கும் இடம் அல்லவா? பழைய செல் போனால்தான் புதிய செல்லுக்கு இடம். கருவில் குழந்தையின் கைவிரல்கள் பிரிவதும், தவளைக்குஞ்சின் வால் மறைவதும் இந்தச் சாவினால்தான். எனவே செல் சாவது நோய் அல்ல, அது ஒரு கடமை. அரசு ஊழியருக்கு எங்கள் காலத்தில் 58 வயதில் ஓய்வு உத்தரவு வந்தது போல. உத்தரவை வாங்கிக்கொண்டு, சாவியை ஒப்படைத்துவிட்டு, வீட்டுக்குப் போக வேண்டும். போகமாட்டேன் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்காரும் செல்தான் புற்று.

சரி, உத்தரவு எப்படி நிறைவேறுகிறது? டி.ஜி.எஃப்-பீட்டா செல்லின் பெட்டியில் விழுந்ததும், 'ஸ்மாட்' என்ற புரதங்கள் சேதியைத் தூக்கிக்கொண்டு கருவுக்குள் போகின்றன. அங்கே 'ரங்க்ஸ்-3' என்ற மரபணுவின் புரதம் அவற்றோடு கைகோக்கிறது. இரண்டும் சேர்ந்து 'பிம்' என்ற இன்னொரு மரபணுவை எழுப்புகின்றன. இது 2006இல் வெளியான ஆய்வு. பிம் எழுந்தால், செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஓட்டை விழும். அதிலிருந்து கசியும் பொருள், 'காஸ்பேஸ்' என்ற கத்தரிக்கோல் புரதங்களை வேலைக்கு விடும். அவை செல்லை உள்ளிருந்தே நறுக்கிப் பொட்டலம் கட்டிவிடும். பக்கத்திலிருக்கும் செல்கள் அந்தப் பொட்டலங்களை விழுங்கிவிடும். நம் காட்டு நண்டு மாதிரி.

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருக்கும்போது புற்று எப்படி வருகிறது? தபாலை வாங்காமல் தப்பிக்க அதற்குப் பல வழி தெரியும். சில இரைப்பைப் புற்றுகளில் டி.ஜி.எஃப்-பீட்டாவை வாங்கும் பெட்டியே உடைந்திருக்கிறது. 1990களின் நடுவில் இதைக் கண்டார்கள். வேறு சிலவற்றில் பெட்டி சரி, உள்ளே இருக்கும் ஆள் ஊமையாகிவிடுகிறார். 2002இல் யோஷியாகி இட்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானியின் குழு, இரைப்பைப் புற்றுகளில் 45 முதல் 60 சதவீதம் வரை ரங்க்ஸ்-3 மரபணு சரியாகப் பேசவில்லை என்று எழுதியது. பல நோயாளிகளிடம் அந்த மரபணு அழிந்துபோகவில்லை. அதன் மேல் ரசாயனப் பூட்டு போடப்பட்டிருந்தது. கோப்பு அலமாரியில்தான் இருக்கிறது, அலமாரியைத் திறக்க முடியவில்லை. இந்தக் கருத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டதாகவும் நினைக்க வேண்டாம். 2011இல் இஸ்ரேல் விஞ்ஞானிகள், நல்ல நிலையில் இருக்கும் இரைப்பை உட்பூச்சில் இந்த மரபணு வேலையே செய்வதில்லை என்று மறுத்து எழுதினார்கள். விஞ்ஞானத்தில் ஒரு கோப்பு அவ்வளவு சீக்கிரம் மூடப்படுவதில்லை.

இதைவிட முக்கியமானது அடுத்தது. புற்று முற்றிய பிறகு, அதே டி.ஜி.எஃப்-பீட்டா புற்றுக்கே வேலைக்காரனாகிவிடுகிறது. சாகச் சொல்லும் சேதி உள்ளே போகும் வழி அடைபட்டுவிட்டது. ஆனால் வேறு சேதிகள் போகும் வழி திறந்திருக்கிறது. அப்போது அது செல்லை ஒட்டியிருந்த இடத்திலிருந்து கழற்றிப் பரவ உதவுகிறது. நோயை எதிர்க்க வரும் வெள்ளணுக்களையும் அடக்குகிறது. தபால்காரர் அதே ஆள்தான். வாங்கும் வீடு மாறிவிட்டது. அதனால்தான் 'இந்தக் காரணியை ஊசியில் ஏற்றினால் புற்று செத்துவிடுமே' என்று கேட்டால் பதில் 'இல்லை' என்பது. முற்றிய நோயில் இதைத் தடுக்கும் மருந்துகளைத்தான் ஆராய்ச்சியாளர்கள் சோதித்து வருகிறார்கள். அதிலும் பெரிய வெற்றி இன்னும் வரவில்லை.

வளர்ச்சிக் காரணிகளைப் பற்றிய அறிவால் நோயாளிக்குக் கிடைத்த நேரடிப் பலன் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'ஹெர்-2' என்பது இன்னொரு வகைப் பெட்டி. சுமார் ஐந்தில் ஒரு இரைப்பைப் புற்றில் இந்தப் பெட்டி அளவுக்கு மீறி முளைத்து, 'வளர், வளர்' என்று ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அந்தப் பெட்டியை மூடும். 2010இல் வெளியான பெரிய ஆய்வில், முற்றிய நோயாளிகளின் சராசரி ஆயுள் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமாக ஏறியது. மூன்று மாதம்கூட முழுசாக இல்லை. இத்தனை நோபல் பரிசுக்கும் இத்தனை ஆண்டு உழைப்புக்கும் பிறகு, முற்றிய நோயில் கிடைத்த லாபம் அவ்வளவுதான். இந்த எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கு ஈடான மருந்து இன்னும் வரவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். கிள்ளையிலிருந்து பஸ் ஏறினால் சிதம்பரம், அதை ஒட்டி அண்ணாமலை நகர். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில், பேராசிரியர் எஸ். நாகினியின் குழு பல ஆண்டுகள் இரைப்பைப் புற்றைப் பற்றியே ஆராய்ந்தது. 2005இல் ஐரோப்பிய இதழ் ஒன்றில் வெளியான அவர்கள் கட்டுரை இது: எலிகளுக்கு எம்.என்.என்.ஜி. என்ற ரசாயனத்தையும் கரையாத அளவுக்குக் கெட்டியான உப்புக் கரைசலையும் கொடுத்து இரைப்பையில் புற்று உண்டாக்கினார்கள். ஒரு பிரிவு எலிகளுக்குப் பூண்டிலிருந்து எடுத்த ஒரு பொருளையும், தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோப்பீனையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த எலிகளில் அபாப்டோசிஸ் நடத்தும் புரதங்கள், நான் மேலே சொன்ன பிம், காஸ்பேஸ் உட்பட, வேலை செய்யத் தொடங்கின. வேப்பிலைச் சாற்றை வைத்தும் இதே துறையில் எலிகளிடம் ஆய்வு செய்திருக்கிறார்கள். உலகம் படிக்கும் வேலை. நம் பக்கத்து ஊரில் நடந்தது. நமக்குத்தான் தெரியாது.

தெரியாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. அரைகுறையாகத் தெரிந்தது. அதில்தான் என் வீட்டு விஷயம் வருகிறது.

என் மனைவியின் தம்பி இந்தப் பக்கம் மீன் வியாபாரம் செய்தவர். அறுபத்திரண்டு வயது. "ரெண்டு இட்லி சாப்பிட்டா வயிறு ரொம்பிடுது மாமா" என்று ஒரு பொங்கலின்போது சொன்னார். மெடிக்கலில் வாங்கிய மாத்திரை, பிறகு ஒரு டாக்டர் கொடுத்த வாயு மாத்திரை, இஞ்சிச் சாறு, ஓம வாட்டர் என்று ஏழு மாதம் போனது. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. அப்புறம்தான் வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்று. அறுவை செய்தார்கள், அதன்பின் கீமோ ஊசி தவணை தவணையாக. மூன்றாவது தவணை முடிந்ததும் வெளிநாட்டிலிருந்து யாரோ ஒரு செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பூண்டும் தக்காளியும் வேப்பிலையும் வயிற்றுப் புற்றைக் கொல்கிறது, சிதம்பரத்திலேயே நிரூபித்துவிட்டார்கள், மருந்துக் கம்பெனிகள் மறைக்கின்றன என்று. "நம்ம யுனிவர்சிட்டியே சொல்லிட்டாங்களாம் மாமா. நான் ஏன் ஊசி போட்டுக்கிட்டு முடி கொட்டிக்கணும்?" என்றார். அடுத்த இரண்டு தவணைக்குப் போகவில்லை.

அவரை மறுபடி அனுப்பத்தான் நான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை அவர் பாஷையில் சொன்னேன். "அந்த எலிக்குப் புத்து வர்றப்பவே பூண்டு குடுத்தாங்கய்யா. உனக்கு வந்து, அறுத்தாச்சு. அது எலி. நீ எண்பது கிலோவா இருந்து ஐம்பத்தஞ்சு கிலோ ஆனவன். எழுதினவங்க யாரும் ஊசியை நிறுத்துன்னு ஒரு வரி எழுதலை." பிறகு போனார். ஒன்றரை வருடம் இருந்தார். பேத்தியின் காதுகுத்து பார்த்தார். நிறுத்திய இரண்டு தவணையைப் பற்றி அவர் பிள்ளைகள் இன்னும் மனம் நொந்து பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த முதல் ஏழு மாதம்.

பூண்டைப் பற்றி மனிதர்களிடமே நடந்த ஆய்வும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சீனாவில் ஷான்டாங் மாகாணத்தில் லின்ச்சூ என்ற இடம் இரைப்பைப் புற்றுக்குப் பேர்போனது. 1995இல் தொடங்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சோதனை. ஒரு பிரிவுக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியை ஒழிக்க இரண்டு வார மருந்து. ஒரு பிரிவுக்கு வைட்டமின். ஒரு பிரிவுக்கு ஏழு வருடம் பூண்டுச் சத்து. 22 வருடம் தொடர்ந்து பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டே வாரம் கிருமி மருந்து சாப்பிட்டவர்களிடம் புற்று வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. ஏழு வருடம் பூண்டு சாப்பிட்டவர்களிடம் இறப்பு குறைந்தது. ஆனால் நோய் வருவது தெளிவாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. ரசத்தில் பூண்டைத் தட்டிப் போடுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது சமையல். அதை வைத்தியமாக்கி, வைத்தியத்தை நிறுத்துவதுதான் ஆபத்து.

அந்தக் கிருமியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல், யாரும் நம்பவில்லை என்று 1984இல் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவைத்துக்கொண்டார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல். 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இக்கிருமியைப் புற்று உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்துவிட்டது. இந்தியர் பலர் வயிற்றில் இது இருக்கிறது. ஆனாலும் எல்லோருக்கும் புற்று வருவதில்லை. கிருமியோடு உப்பு, புகையிலை, உடம்பின் வாகு எல்லாம் சேர வேண்டும். அந்த எலிகளுக்கு உப்புக் கரைசல் கொடுத்ததை கவனித்தீர்களா? அதிக உப்பு, இரைப்பையைக் காக்கும் வழவழப்பான படலத்தைக் கெடுக்கிறது. பிறகு எந்த நஞ்சும் சுலபமாக இறங்கும். கிள்ளைக்காரன் கருவாட்டை விடுவானா என்று கேட்காதீர்கள். நானும் விடவில்லை. தினமும் வேண்டாம், நன்றாக ஊறவைத்து அலசிப் போடுங்கள், கூடவே கீரையும் பழமும் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். பீடி சிகரெட்டுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

இந்த நோய் நமக்கு அந்நியமும் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அதே 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார், 12 படுக்கைகளோடு. அடையாறில் இருக்கும் அந்த நிலையம் 1982 முதல் சென்னை நகரின் புற்றுநோயாளிகளைப் பதிவேட்டில் ஏற்றி வருகிறது. அதில் ஆண்களிடையே இரைப்பைப் புற்று பல காலம் முன்வரிசையிலேயே இருந்திருக்கிறது. டாக்டர் சாந்தா அம்மையார் 2021இல் மறையும் வரை, சீக்கிரம் வாருங்கள், சீக்கிரம் வாருங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி என் அபிப்பிராயம்.

அரசாங்கத்தின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் என்ற மூன்றைத்தான் பார்க்கிறது. கொரியாவில் 40 வயது ஆனவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரைப்பையையும் பார்க்கிறார்கள். அங்கே நோய் மிக அதிகம். இங்கே அத்தனை பேருக்கும் குழாய் விட்டுப் பார்க்க ஆளும் இல்லை, தேவையும் இல்லை, அதைக் கேட்கவில்லை. 2021 முதல் வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்களே, அந்தப் பெண்கள் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும். 'கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறதா? காரணமில்லாமல் மெலிந்தீர்களா?' இரண்டுக்கும் ஆம் என்றால் ஒரு சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். காசு அதிகம் ஆகாது.

பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆங்கில இதழில் எழுதுவது அவர்கள் கடமை, எழுதுங்கள். வருடத்துக்கு ஒருநாள் சுற்றுவட்டார ஊர்களில் வந்து, 'நாங்கள் இதைக் கண்டோம், இது எலியில், இது மனிதனுக்கு இன்னும் ஆகாது' என்று தமிழில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாத இடத்தில் வாட்ஸ்அப் சொல்கிறது. அது கடைசிப் பாதியைச் சொல்வதே இல்லை.

மூன்றாவது நமக்கு. வயதானவர்களுக்கு வயிற்றுக்கோளாறு சகஜம் என்ற பேச்சை விட வேண்டும். ஐம்பதுக்கு மேல் புதிதாக வரும் அஜீரணம் இரண்டு மூன்று வாரத்தில் அடங்காவிட்டால் மாத்திரையை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். அமிலத்தை அடக்கும் மாத்திரை புற்றின் அறிகுறியையும் சில காலம் அடக்கி வைக்கும். எடை குறைதல், சீக்கிரம் வயிறு நிறைதல், ஓயாத வாந்தி, விழுங்கச் சிரமம், ரத்தசோகை, தார் போலக் கறுத்த மலம், இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபி செய்யலாமா என்று நீங்களே டாக்டரைக் கேளுங்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும், அதையும் சொல்லுங்கள். பரிசோதனைக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டை மரக்க ஒரு மருந்து, சுமார் பத்து நிமிடம். எனக்கும் செய்தார்கள். குமட்டும், வலிக்காது. எனக்கு இருந்தது அந்தக் கிருமிதான். இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டேன்.

கீமோவில் இருக்கும் உறவினர் யாராவது பூண்டுச் செய்தியை உங்களிடம் காட்டினால் கேலி செய்யாதீர்கள். அவர் பயந்திருக்கிறார். செய்தியில் எவ்வளவு உண்மை, எங்கே நிற்கிறது என்று உட்கார்ந்து சொல்லுங்கள். மேலே எழுதியதில் எது உதவுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த தவணை தேதியைக் கேட்டு, அன்று நீங்களும் கூடப் போய்விட்டு வாருங்கள்.